வீட்ல கட்டுன நாலு ரெயில் (தனித்தனி வோல்டேஜ் அவுட்புட்) லீனியர் சப்ளை, எல்லா அவுட்புட்லயும் ஸ்பைக், எங்கிருந்து வருதுன்னே பிடிபடல

பிரெட்போர்டு_பித்தன்:

வணக்கம் மக்களே. ஆப்ஆம்ப் சர்க்யூட்லாம் டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒரு பெஞ்ச் சப்ளை கட்டிருக்கேன். எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) நாய்ஸே வேணாம்னுதான் முழுக்க லீனியரா போனேன், இப்ப ஆசிலோஸ்கோப்ல பாத்தா எஸ்எம்பிஎஸ்ஸே தேவலாம் போல இருக்கு.

அமைப்பு சொல்லிடறேன். ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு செகண்டரி, ஒண்ணு 18-0-18 ரெண்டு ஆம்ப், இன்னொண்ணு தனியா 9 வோல்ட் ஒரு ஆம்ப். 18-0-18க்கு 1என்5408 டயோடு நாலு போட்டு பிரிட்ஜ், பிளஸ் பக்கம் 4700 மைக்ரோஃபாரட், மைனஸ் பக்கமும் அதே 4700. பிளஸ்ல இருந்து ஒரு எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி ஃபிக்ஸ்டா +15, இன்னொரு எல்எம்317 பாட் (திருப்பற ரெசிஸ்டர்) வச்சு 1.25ல இருந்து 20 வோல்ட் வரைக்கும் வேரியபிள். மைனஸ்ல எல்எம்337, −15. 9 வோல்ட்ல தனி பிரிட்ஜ், 2200, 7805. எல்லா கிரவுண்டும் முன் பேனல் கருப்பு டெர்மினல்ல ஒண்ணா சேருது, டிரான்ஸ்ஃபார்மர் சென்டர் டேப் (18-0-18ல நடு 0) வயரும் நேரா அங்கதான் வருது, அங்கிருந்து ஒரு மெல்லிசு வயர் ஃபில்டர் கெப்பாசிட்டர் போர்டுக்கு திரும்பி போகுது. ரெகுலேட்டர் அவுட்புட் ஒவ்வொண்ணுலயும் 0.1 செராமிக் இருக்கு.

மல்டிமீட்டர்ல பாத்தா எல்லாம் கச்சிதம், 15.02, −14.97, 5.01. ஸ்கோப்ப வச்சா கதையே வேற. +15ல ஒரு ஆம்ப் லோடு போட்டா எல்லா ரெயில்லயும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல ஊசி ஊசியா வருது, −15ல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. அது போக அப்பப்ப ரெண்டு மூணு வோல்ட்டுக்கு ஒரு பெரிய ஸ்பைக், எப்ப வரும்னு சொல்லவே முடியல. வேரியபிள் பாட்ட திருப்பும்போது சட்டுனு மேல எகிறி ஒரு ஐசி காலி. ஆஃப் பண்ணும்போது −15 ரெயில் ஒரு நிமிஷம் பிளஸ்சுக்கு போய்ட்டு வருது (நிஜமாவே பிளஸ், கண்ணால பாத்தேன்). தெரிஞ்ச ஒருத்தர் ஐசி காலுக்கு காலு 0.1 போடச் சொன்னாரு, போட்டேன், ஒரு மாற்றமும் இல்ல. எங்க ஆரம்பிக்கறது?

வால்வுகாலம்:

தம்பி, நீங்க ஒரு பிரச்சனைன்னு எழுதிருக்கீங்க, படிச்சா குறைஞ்சது நாலு தனித்தனி பிரச்சனை தெரியுது. எல்லாத்துக்கும் ஸ்பைக்னு ஒரே பேரு வச்சதால ஒரே மருந்து தேடறீங்க. கெப்பாசிட்டர தொடாதீங்க, ஒண்ணையும் மாத்தாதீங்க, முதல்ல எது எப்ப வருதுன்னு பிரிங்க.

முதல் டெஸ்ட். ப்ரோபோட கிரவுண்டு கிளிப்ப கருப்பு டெர்மினல்ல மாட்டுங்க, ப்ரோப் முனைய அதே கிளிப்புலயே தொட்டு வைங்க. அதாவது அளக்கறதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல, திரைல நேர்கோடு வரணும். வரலைன்னா, அதுல தெரியற ஸ்பைக் உங்க சப்ளை அவுட்புட்ல இருக்கறது இல்ல, ப்ரோப் வயர் சுத்தி வர்ற லூப் காத்துல இருந்து பிடிக்கறது, இல்லன்னா கிரவுண்டு வயர்ல ஓடற கரண்ட்டால வர்றது. அந்த முதலை கிளிப் வயர் ஒரு 15 சென்டிமீட்டர் இருக்கும், நல்ல ஆன்டெனா அது. அடுத்து அந்த வயர கழட்டிட்டு ப்ரோப் முனைல வர்ற சின்ன ஸ்பிரிங் கிரவுண்ட போட்டு, அவுட்புட் டெர்மினல்லயே நேரா வச்சு பாருங்க. ஸ்பிரிங் தொலைஞ்சு போச்சுன்னா ப்ரோப் கழுத்துல ஒரு வெறும் கம்பிய சுத்தி குட்டையா நீட்டிக்கிட்டா போதும். ஸ்கோப்ல 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட் இருந்தா அதையும் ஒரு தடவை போட்டு, ஒரு தடவை எடுத்து பாத்துக்கங்க.

ரெண்டாவது, டிரிகர் சோர்ஸ லைன்ல போடுங்க. மெயின்ஸோட சேர்ந்து வர்றது எல்லாம் திரைல அசையாம நிக்கும், அது உங்க ரெக்டிஃபையர் வேலை. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ்னா செகண்டுக்கு 100 தடவை, 60னா 120. அசையாம நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அது ஆசிலேஷன், இல்ல வேற ஏதாவது சுவிட்சிங். எப்பவாச்சும் வர்ற அந்த பெருசுக்கு ஸ்கோப்ப சிங்கிள் டிரிகர்ல போட்டுட்டு, ரூம்ல என்னென்ன ஆன் ஆஃப் ஆகுதுன்னு கவனிங்க.

இது மூணும் பண்ணிட்டு வந்து எழுதுங்க, அப்புறம் பேசலாம்.

யூஎஃப்_மன்னன்:

இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு பாஸ். ரெண்டு ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மருக்கு 4700 கம்மி, 10000 போடுங்க, முடிஞ்சா பக்கத்துல இன்னொரு 10000. ரிப்பிள் (டிசி மேல மிச்சம் நிக்கற ஏத்த இறக்கம்) குறைஞ்சா ஸ்பைக்கும் தானா அடங்கிடும். நான் எப்பவும் அப்படித்தான்.

ரிப்பிள்_ராஜ்ஜியம்:

@யூஎஃப்_மன்னன் இது ரிப்பிள் பிரச்சனையே இல்லைங்க. கணக்கு போட்டு பாருங்க, ஒரு ஆம்ப் லோடுக்கு 4700ல ரிப்பிள் சுமார் ரெண்டு வோல்ட், கரண்ட்ட 100 ஹெர்ட்ஸால வகுத்து கெப்பாசிட்டன்ஸால வகுத்தா வந்துடும், நடைமுறைல அதைவிட கொஞ்சம் கம்மியாவே இருக்கும். 18 வோல்ட் ஏசிக்கு பீக் 25.4, டயோடு போக 24 சொச்சம், ரிப்பிளோட அடிப்பக்கம் 22. எல்எம்317க்கு 15 வோல்ட் அவுட்புட் குடுக்க 18 இருந்தா தாராளம். அதனால ரெகுலேட்டர் எங்கயும் மூச்சு திணறல.

கெப்பாசிட்டர பெருசாக்குனா என்ன ஆகும்னா ரிப்பிள் குறையும், ஆனா டயோடு கண்டக்ட் பண்ற நேரம் இன்னும் சுருங்கும், அதே சார்ஜ் அந்த குட்டி நேரத்துலயே போயாகணும், அப்ப கரண்ட் பல்ஸ் இன்னும் உயரமா கூர்மையா ஆகும். டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலா சூடாகும். அவரு வயரிங் எழுதிருக்கறத படிச்சா, அந்த பல்ஸ் எந்த வழியா போகுதுங்கறதுதான் எனக்கு கவலை. பெரிய கெப்பாசிட்டர் போட்டா இந்த கேஸ்ல கூடத்தான் செய்யும்.

யூஎஃப்_மன்னன்:

சரி சரி, என்னோடதுல ஆடியோ ஆம்ப்தான், எனக்கு ஹம் போனா போதும், ஸ்கோப்லாம் என்கிட்ட இல்ல. கேட்டுக்கறேன்.

பிரெட்போர்டு_பித்தன்:

வால்வுகாலம் ஐயா சொன்ன மாதிரியே பண்ணேன், ஆச்சரியமா இருக்கு.

ப்ரோப் முனைய கிளிப்புலயே தொட்டு வச்சா அந்த ரெண்டு மூணு வோல்ட் பெருசு அப்படியே வருது! சப்ளைய பிளக்க புடுங்கி வச்சாலும் வருது, கிளிப் சும்மா மேசை மேல கிடந்தாலும் வருது. சிங்கிள் டிரிகர்ல போட்டு உக்காந்து பாத்தா, சாலிடரிங் ஸ்டேஷன் ஹீட்டர் ஆன் ஆஃப் ஆகறப்பவும், டேபிள் லைட் சுவிட்ச தட்டறப்பவும்தான் வருது. ஸ்பிரிங் கிரவுண்டு போட்டதும் அது கால் வோல்ட்டுக்கும் கீழ போயிடுச்சு. இதுக்கா நான் தூக்கத்த விட்டேன்.

ஊசி ஊசியா வந்தது லைன் டிரிகர்ல அசையாம நிக்குது. ஸ்பிரிங் கிரவுண்டுலயும் போகல, கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பெருசாக்கி பாத்தா அது ஊசியே இல்ல, முதல்ல ஒரு மேடு மாதிரி வருது, ரெண்டு மில்லிசெகண்ட் அகலம் இருக்கும், அந்த மேடு முடியற எடத்துல ஒரு கூர்மையான குத்து, அதுக்கு பின்னாடி மணி அடிச்சு விட்ட மாதிரி அதிர்ந்து அதிர்ந்து அடங்குது. லோடு எடுத்துட்டா மேடு அனேகமா காணாம போகுது, குத்து மட்டும் சின்னதா நிக்குது.

−15ல மட்டும் இது போக ஒரு மெல்லிசு பட்டை மாதிரி எப்பவும் இருக்கு, கோடு தடியா தெரியுது, லைன் டிரிகர்ல நிக்கவும் மாட்டேங்குது.

வால்வுகாலம்:

அருமையா பாத்திருக்கீங்க, பாதி வேலை முடிஞ்சது. அந்த மேடும் குத்தும் ரெண்டு வேற வேற ஆளு, ஒண்ணொண்ணா வர்றேன்.

மேடு வந்து கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகற கரண்ட். லோடு ஒரு ஆம்ப்னா டயோடு வழியா ஒரு ஆம்ப் தொடர்ச்சியா போறதில்ல, ஏசி உச்சிக்கு வர்ற சமயத்துல ரெண்டு மில்லிசெகண்ட் மட்டும் அஞ்சு ஆறு ஆம்ப் பல்ஸா பாயும். இப்ப உங்க வயரிங்க பாருங்க. சென்டர் டேப் நேரா முன் பேனல் டெர்மினலுக்கு வருது, அங்கிருந்து மெல்லிசு வயர்ல கெப்பாசிட்டருக்கு போகுது. அப்ப அந்த ஆறு ஆம்ப் பல்ஸ் முழுசும் அந்த மெல்லிசு வயர்லதான் ஓடணும், வேற வழி இல்ல. 0.2 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் 20 சென்டிமீட்டர் இருந்தா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 17 மில்லிஓம். ஆறு ஆம்ப் பெருக்கி பாருங்க, 100 மில்லிவோல்ட். நீங்க பாத்த மேடு இதுதான். ரெகுலேட்டரோட அட்ஜஸ்ட் டிவைடர் (வோல்டேஜ செட் பண்ற ரெண்டு ரெசிஸ்டர்) அடிக்கால் கெப்பாசிட்டர் போர்டு கிரவுண்டுல இருக்கும்னு நினைக்கறேன், அதனால ரெகுலேட்டர் அந்த போர்டு கிரவுண்ட வச்சு ஒழுங்கா 15 குடுக்குது, நீங்க அளக்கறதோ வயரோட அந்தப் பக்க முனைல இருந்து. ரெகுலேட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லா ரெயில்லயும் ஒரே நேரத்துல வர்றதுக்கும் காரணம் இதேதான், எல்லாருக்கும் பொதுவான கிரவுண்டு வயரே ஆடுது.

என்ன பண்ணணும்னா, சென்டர் டேப் வயர முன் பேனல்ல இருந்து எடுங்க. ரெண்டு 4700ம் சந்திக்கற எடத்துக்கு, அந்த கெப்பாசிட்டர் காலுக்கே, தடியான வயரா நேரா கொண்டு போங்க. பிரிட்ஜ், சென்டர் டேப், கெப்பாசிட்டர், இந்த மூணுக்கு நடுவுலயே பல்ஸ் சுத்தி முடிஞ்சிடணும், வெளில வரவே கூடாது. கெப்பாசிட்டர் நடுப்புள்ளில இருந்து தனியா ஒரே ஒரு வயர் கருப்பு டெர்மினலுக்கு, அதுல சுத்தமான டிசி லோடு கரண்ட் மட்டும் போகும். ரெகுலேட்டரோட அட்ஜஸ்ட் ரெசிஸ்டர் அடிக்கால கருப்பு டெர்மினல்ல இருந்து தனி வயர்ல எடுங்க. ஆனா அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவுல இருக்கற 240 ஓம் மட்டும் ஐசி கால் கிட்டயே இருக்கணும், அத டெர்மினல் பக்கம் கொண்டு போனா வயர்ல விழற வோல்டேஜ் பல மடங்காகி ரெகுலேஷன் கெட்டுடும். இத மாத்தி போட்டு வச்சிருக்கற போர்டு நிறைய பாத்துட்டேன். 7805 பிரிட்ஜுக்கும் இதே சட்டம், 2200ஓட மைனஸ் கால்ல அந்த பிரிட்ஜ் மைனஸ் வரணும், அங்கிருந்து ஒரு வயர் டெர்மினலுக்கு.

குத்து ரெண்டாவது ஆளு. டயோடு ஆஃப் ஆகறப்ப உடனே நிக்காது, ஒரு கணம் ரிவர்ஸ்ல கரண்ட் ஓடி திடீர்னு வெட்டிக்கும். 1என்5408, 1என்4007 மாதிரி சாதா டயோடெல்லாம் இதுல மெதுவான ஜாதி. அந்த வெட்டு டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியோட லீக்கேஜ் இண்டக்டன்ஸ தட்டி விடும், அது டயோடோட கெப்பாசிட்டன்ஸ், வைண்டிங் கெப்பாசிட்டன்ஸ் கூட சேர்ந்து அதிரும். நூறு கிலோஹெர்ட்ஸ்ல இருந்து மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். இத ரெகுலேட்டர் தடுக்கும்னு நம்பாதீங்க, எல்எம்317 டேட்டாஷீட்ல 65 டெசிபல் 80 டெசிபல்னு போட்டிருக்கறதெல்லாம் 120 ஹெர்ட்ஸ்ல. அதிர்வெண் ஏற ஏற அது சரிஞ்சுக்கிட்டே வரும், மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனா ரெகுலேட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பொறந்த எடத்துலயே அமுக்கணும். செகண்டரி ரெண்டு முனைக்கும் நடுவுல, அதாவது பிரிட்ஜோட ஏசி காலுக்கு குறுக்க, 10 நானோஃபாரட் ஃபிலிம் ஒண்ணு, அதுக்கு பேரலலா 150 நானோஃபாரட் ஃபிலிமும் ஒரு ரெசிஸ்டரும் சீரிஸ்ல. ரெசிஸ்டர் எவ்ளோன்னு புத்தகத்துல தேடாதீங்க, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் மாறும். தற்காலிகமா ஒரு 500 ஓம் பிரிசெட்ட (திருப்பி மதிப்ப மாத்தற குட்டி ரெசிஸ்டர்) போட்டு, ஸ்கோப்ல பாத்துக்கிட்டே திருப்புங்க. அதிர்வு முழுசா செத்து ஒரே இறக்கமா இறங்கற எடத்துல நிறுத்தி, கழட்டி அளந்து, கிட்டத்துல இருக்கற ரெசிஸ்டர வைங்க. 9 வோல்ட் வைண்டிங்குக்கு தனியா ஒண்ணு. கெப்பாசிட்டர் வோல்டேஜ் ரேட்டிங் 100க்கு கீழ வேணாம். டயோடுக்கு டயோடு 0.1 மட்டும் வச்சு விடறவங்க உண்டு, எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல, ரெசிஸ்டர் இல்லாம வெறும் கெப்பாசிட்டர் போட்டா அதிர்வு மெதுவாகும், சாகாது.

பெரிய ஸ்பைக்க விடுங்க, அது உங்க ப்ரோப் வயரோட விஷயம், சப்ளைக்கு அதுல பங்கு கம்மி. மிச்சம் இருக்கற கால் வோல்ட்ட கடைசில பாத்துக்கலாம்.

நெகட்டிவ்_ரெயில்:

−15ல இருக்கற தடி கோட்டுக்கு நான் சொல்றேன் ப்ரோ, அது ஆசிலேஷன். எல்எம்317 கொஞ்சம் சாது, அவுட்புட்ல கெப்பாசிட்டரே இல்லாட்டியும் பொதுவா நிக்கும். எல்எம்337 அப்படி கிடையாது, அவுட்புட்ல ஒரு மைக்ரோஃபாரட் சாலிட் டான்டலம் இல்லன்னா பத்து மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டிப்பா வேணும்னு டேட்டாஷீட்லயே இருக்கு, ஸ்டெபிலிட்டிக்கு. நீங்க வெறும் 0.1 செராமிக் மட்டும் வச்சிருக்கீங்க. பத்து மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் ஒண்ணு ஐசி கால் கிட்டயே வைங்க, பிளஸ் கால் கிரவுண்டுக்குங்கறத மறக்காதீங்க, நெகட்டிவ் ரெயில்ல கை பழக்கத்துல மாத்தி வச்சுடுவோம். 4700 தள்ளி இருந்தா இன்புட் கால்லயும் ஒரு மைக்ரோ டான்டலம் போடுங்க. வயர் ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 10 நானோஹென்றி, பத்து சென்டிமீட்டர் போனாலே 100 ஆயிடும், ரெகுலேட்டருக்கு அது பிடிக்காது.

பின் அவுட்ட இன்னொரு தடவை பாத்துடுங்க. 317ல ஐசியோட மெட்டல் முதுகு (டேப்) அவுட்புட், 337ல அது இன்புட். ரெண்டையும் இன்சுலேட்டர் இல்லாம ஒரே ஹீட்சிங்க்ல ஏத்தினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல, உங்களோடது ஓடுதுன்னா மைக்கா இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் ஆஃப் பண்ணும்போது −15 பிளஸ்சுக்கு போறது. உங்க லோடுல ஆப்ஆம்ப் மாதிரி +15க்கும் −15க்கும் குறுக்க கரண்ட் எடுக்கற சமாச்சாரம் இருக்குல்ல, ஆஃப் பண்ணதும் ஒரு பக்கம் கெப்பாசிட்டர் சீக்கிரம் காலியாகும், உங்களுக்கு மைனஸ் பக்கம் போல. அப்ப பிளஸ் ரெயில்ல மிச்சம் இருக்கறது அந்த லோடு வழியா மைனஸ் ரெயில இழுத்து ஜீரோவ தாண்டி கொண்டு போயிடும். ஆன் பண்ணும்போதும் இதே நடக்கலாம், ஒண்ணு முந்திக்கிட்டு எழுந்தா பிந்தினத தலைகீழா இழுத்து வச்சுக்கும், சில ரெகுலேட்டர் அப்படியே மாட்டிக்கிட்டு ஸ்டார்ட்டே ஆகாது. மருந்து சிம்பிள். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 1என்4002 ரிவர்ஸ்ல. +15ல கேத்தோடு அவுட்புட் பக்கம், −15ல ஆனோடு அவுட்புட் பக்கம். அதுக்கப்புறம் எவ்ளோ இழுத்தாலும் ஒரு டயோடு டிராப்புக்கு மேல போகாது. ஷாட்கி 1என்5819 போட்டா இன்னும் கம்மி, கைல இருந்தா போடுங்க, இல்லன்னாலும் தப்பில்ல.

ரிப்பிள்_ராஜ்ஜியம்:

பாட்ட யாரும் தொடல, ஐசிய கொன்னது அதுதானே. எனக்கு இதுல மத்த எல்லாத்தையும் விட அதுதான் பெருசு, 100 மில்லிவோல்ட் ஊசி யாரையும் கொல்லாது.

@பிரெட்போர்டு_பித்தன் உங்க பாட் எப்படி கனெக்ட் ஆகிருக்கு? அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பாட், வைப்பர் (பாட்டோட நகர்ற நடுக்கால்) மட்டும் கிரவுண்டுக்கு, மூணாவது கால் சும்மா தொங்குதா? அப்படின்னா வைப்பர் கார்பன் ட்ராக்ல இருந்து ஒரு கணம் எழும்புனா அட்ஜஸ்ட் கால் அந்தரத்துல நிக்கும், அவுட்புட் இன்புட்டோட உச்சி வரைக்கும் ஏற பாக்கும், உங்களுக்கு 22 வோல்ட். 3.3 வோல்ட்ல ஒரு ஐசி உக்காந்திருந்தா என்ன ஆகும். பழைய பாட், தூசி பிடிச்ச பாட்ல இது சர்வ சாதாரணம்.

தொங்கற மூணாவது கால வைப்பரோட சேர்த்து விடுங்க. அப்ப வைப்பர் எழும்புனாலும் பாட்டோட முழு மதிப்பு கிரவுண்டுக்கு இருக்கும். இது மட்டும் போதாது, ஏன்னா முழு மதிப்புன்னா அவுட்புட் மேக்ஸிமம்தான். முக்கியமானது அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் 10 மைக்ரோஃபாரட். இத எல்லாரும் ரிப்பிள் குறைக்கத்தான்னு நினைக்கறாங்க, குறைக்கும்தான், ஆனா பாட் குதிக்கறதையும் இது மெதுவாக்கும். 240 ஓம்ல 1.25 வோல்ட் இருக்கறதால அதுல ஓடற கரண்ட் 5.2 மில்லிஆம்ப், வைப்பர் பிஞ்சா அந்த கரண்ட்தான் கெப்பாசிட்டர ஏத்தணும். 10 மைக்ரோவ 5.2 மில்லிஆம்ப் ஏத்துனா மில்லிசெகண்டுக்கு அரை வோல்ட்டுதான் ஏறும். வைப்பர் எழும்பறது பெரும்பாலும் மில்லிசெகண்ட் கணக்குதான், அதுக்குள்ள திரும்ப ஒட்டிக்கும். 20 வோல்ட் எகிறுனது அரை வோல்ட்ல நின்னுடும்.

அந்த 10 மைக்ரோ போட்டா கூடவே அட்ஜஸ்ட்ல இருந்து அவுட்புட்டுக்கு ஒரு 1என்4002, கேத்தோடு அவுட்புட் பக்கம். அவுட்புட் ஷார்ட் ஆனா கெப்பாசிட்டர்ல இருக்கற சார்ஜ் ஐசிக்குள்ள புகாம டயோடு வழியா போயிடும். அவுட்புட்ல பெரிய கெப்பாசிட்டர் வச்சிருந்தா அவுட்புட்ல இருந்து இன்புட்டுக்கும் ஒண்ணு.

இன்னொண்ணு சைடுல. எல்எம்317க்கு மினிமம் லோடு கரண்ட் வேணும், மோசமான பீஸுக்கு 10 மில்லிஆம்ப் வரைக்கும். 240 ஓம் 5.2தான் எடுக்குது. லோடு இல்லாம விட்டா அவுட்புட் தானா மேல ஏறற பீஸ் உண்டு, லோடு மாட்டற அந்த கணத்துல அது ஒரு ஸ்பைக் மாதிரி தெரியும். 240க்கு பதில் 120 போட்டு பாட்டையும் பாதி மதிப்புக்கு மாத்துனா இந்த தொல்லை கிடையாது, மேல சொன்ன மில்லிசெகண்டுக்கு அரை வோல்ட் ஒரு வோல்ட்டாகும், அதுக்கு 22 மைக்ரோ போட்டுக்கங்க.

பிரெட்போர்டு_பித்தன்:

எல்லாருக்கும் நன்றி, முடிஞ்ச வரைக்கும் பண்ணிட்டேன்.

சென்டர் டேப்ப மாத்துனதும் மேடு போயே போச்சு, ஒரு ஆம்ப் லோடுல ரெண்டு மூணு மில்லிவோல்ட் இருக்குமோ என்னவோ, ஸ்கோப் நாய்ஸ்லயே கலந்துடுது. ஒரு வயர கழட்டி இன்னொரு எடத்துல சாலிடர் வச்சதுக்கு இவ்ளோ வித்தியாசமான்னு இன்னும் நம்ப முடியல, போன வாரம் பூரா கெப்பாசிட்டர் பின்னாடி ஓடிட்டு இருந்தேன். ஸ்னப்பர் (அந்த செகண்டரி குறுக்க போட்ட கெப்பாசிட்டர்-ரெசிஸ்டர்) பிரிசெட்ட திருப்பி பாக்கறது ஒரு சுகமா இருக்கு, ஒரு எடத்துல வந்ததும் அதிர்வு டக்குனு நின்னுடுது, அளந்தா 68 ஓம் பக்கத்துல வந்தது. 9 வோல்ட் வைண்டிங்குக்கு 40 சொச்சம், 39 போட்டிருக்கேன்.

337க்கு பத்து மைக்ரோ போட்டதும் தடி கோடு மெலிஞ்சிடுச்சு. ரிவர்ஸ் டயோடும் போட்டாச்சு, ஆஃப் பண்ணா −15 ரெயில் 0.7 வோல்ட் வரைக்கும் வந்து நின்னுக்குது.

பாட், ராஜ்ஜியம் சொன்ன மாதிரிதான் இருந்தது, மூணாவது கால் தொங்கிக்கிட்டு. இப்ப சேர்த்துட்டேன், 120 ஓம், 22 மைக்ரோ, டயோடு எல்லாம் போட்டு பாட்ட கண்டபடி ஆட்டி பாத்தேன், சிங்கிள் டிரிகர்ல ஒரு வோல்ட்டுக்கு மேல எதுவும் மாட்டல. பாட்டையே புதுசு போட்டுடலாம்னு இருக்கேன்.

மிச்சம் சாலிடரிங் ஸ்டேஷன் ஆன் ஆகறப்ப வர்ற அந்த கால் வோல்ட்தான். அதுக்கு என்ன பண்ணலாம்?

வால்வுகாலம்:

நல்லது தம்பி. அந்த கால் வோல்ட் மெயின்ஸ் வழியா வருது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல காந்தம் மட்டும் இல்ல, சில நூறு பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸும் இருக்கு, வேகமான ஸ்பைக் அதுல தாண்டி வந்து எல்லா ரெயிலையும் ஒண்ணா தூக்கும். இதுக்கு செகண்டரி பக்கம் என்ன வச்சாலும் பெருசா பலன் இருக்காது, பிரைமரி பக்கம்தான் பாக்கணும். நல்லா செஞ்ச ஒரு லைன் ஃபில்டர், பிளக் சாக்கெட்டோடயே வர்ற மெட்டல் டப்பா டைப், அதோட பாடி சேசிஸ்ல இறுக்கமா உக்காரணும், சேசிஸ் எர்த்ல இருக்கணும். டிரான்ஸ்ஃபார்மர்ல பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல ஸ்கிரீன் (உலோக மறைப்பு) சுத்தினது கிடைச்சா அது இன்னும் நல்லது, அந்த ஸ்கிரீன எர்த்துக்கு. ஃபியூஸுக்கு அப்புறம் குறுக்க ஒரு எம்ஓவி (ஸ்பைக் வெட்டற வேரிஸ்டர்) வச்சா ரொம்ப உயரமானத வெட்டும், ஆனா கால் வோல்ட்டா தெரியறதுக்கு அது எதுவும் செய்யாது.

பிரைமரி குறுக்க கெப்பாசிட்டர் வைக்கறதா இருந்தா எக்ஸ்2 கிளாஸ் மட்டும்தான், 630 வோல்ட்னு எழுதிருக்குன்னு சாதா ஃபிலிம் எதையாவது வைக்காதீங்க, சாதா ஃபிலிம் பழுதானா ஷார்ட் ஆகி எரியும், எக்ஸ்2 தீ பிடிக்காத மாதிரி பழுதாகணும்னே செஞ்சது. பிளக்க புடுங்கிட்டு கெப்பாசிட்டர் காலியாச்சான்னு அளந்துட்டு கை வைங்க, இது நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஆப்ஆம்ப் டெஸ்ட் பண்ற வேலைக்கு இந்த கால் வோல்ட் தொந்தரவே பண்ணலைன்னா விட்டுடவும் செய்யலாம். ஸ்டேஷன வேற சாக்கெட்ல மாட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

யூஎஃப்_மன்னன்:

கேக்கறேனேன்னு கோச்சுக்காதீங்க, என் ஆம்ப் சப்ளை டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்), 25-0-25. இவரு போட்ட அதே 68 ஓம் 150 நானோ எனக்கும் போடலாமா? ஸ்கோப் இல்லையே.

வால்வுகாலம்:

68னு கண்ண மூடிட்டு போடாதீங்க, டொராய்டுக்கு லீக்கேஜ் இண்டக்டன்ஸ் கம்மி, ரெசிஸ்டரும் பொதுவா கம்மியாத்தான் வரும். யார்கிட்டயாவது ஸ்கோப் கொஞ்ச நேரத்துக்கு வாங்கி பிரிசெட் வச்சு பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி உங்க சென்டர் டேப் எங்க போய் சேருதுன்னு மூடிய கழட்டி பாருங்க, ஹம் அதுலயே பாதி போயிடலாம். ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டும் சார்ஜ் இறங்குன அப்புறம் கை வைங்க, 10000 வச்சிருக்கீங்க, ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் நிக்கும்.

யூஎஃப்_மன்னன்:

மூடிய கழட்டி பாத்தேன். சென்டர் டேப் ஸ்பீக்கர் டெர்மினல் மைனஸ்ல இருக்கு.

ரிப்பிள்_ராஜ்ஜியம்:

எடுங்க அத முதல்ல.